வீட்டிற் சமைத்த ஒலிக்கருவி

சேரன்மகாதேவியில் எம் நண்பர் ஒருவரின் இல்லத்துப் பரணிலே பழைய வால்வு ரேடியோப் பெட்டி ஒன்று பல்லாண்டுகளாகக் கிடந்தது. சென்ற கோடை விடுமுறையில் அதனைக் கீழிறக்கித் தூசு தட்டி நோக்கினோம். உள்ளிருந்த கம்பிகளை எலி கடித்திருந்தது. ஸ்பீக்கரின் தாளைப் பூச்சி அரித்திருந்தது. தேக்குப் பெட்டி மட்டும் உறுதியாக இருந்தது. அதனைச் செப்பனிடுவதை விடுத்து, வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றையும் ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்றையும் எம் கையாலேயே புதிதாகச் சமைப்பது எனத் துணிந்தோம். சமைத்தல் என்னும் சொல் ஆக்குதல் என்னும் பொருளில் நம் பழைய நூல்களில் பயின்று வருவதைக் கற்றோர் அறிவர். யாம் மூவர், இருவர் பௌதிகம் பயில்வோர், இதனை எழுதுவோர் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர். பிழைகள் மூவருக்கும் பொது.

அவ்வில்லத்துத் தாத்தா எம் முயற்சியைக் கேட்டு நகைத்தாரல்லர். தேர்வு ஒன்றை மட்டும் வைத்தார். காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகசுர இசைத்தட்டு ஒன்று அவரிடம் உண்டு. சேரன்மகாதேவிக்கு அண்மையிலுள்ள காருகுறிச்சியிற் பிறந்து 1964-ஆம் ஆண்டில் மறைந்த அப்பெருங்கலைஞரின் வாசிப்பைத் தாத்தா தம் சிறு பருவத்தில் நேரிற் கேட்டவர். "நாயனம் எதுலயும் கேக்கும், தவில் தொப்பி கேக்குதான்னு பாருங்கடே" என்றார். தவிலுக்கு இரு முகங்கள் உண்டு. விரற்கூடு அணிந்த கையால் முழக்கப்படும் வலந்தலை இறுகிய உயர்ந்த ஒலியையும், கழியால் அடிக்கப்படும் தொப்பி தாழ்ந்த ஒலியையும் தரும். அத்தாழ்ந்த ஒலியைத் தேடிச் சென்ற கதையே இக்கட்டுரை.

வால்வின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1904-இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் இருமுனை வால்வையும், 1906-இல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் மூன்றாவது முனை சேர்த்த வால்வையும் ஆக்கினர். நம் நாட்டில் இக்கலை அரசாங்கத்தால் அன்றி ஆர்வலராலேயே வேரூன்றியது என்பது பெருமைக்குரியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்பார் 1924-இல் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவி, 40 வாட் ஆற்றலுடைய சிறு கருவி கொண்டு அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினார். பொருள் முடையால் 1927-இல் சங்கம் தளர, அக்கருவியைப் பெற்ற சென்னை நகராண்மைக் கழகம் 1930 முதல் தானே ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இலும், நம் திருநெல்வேலி நிலையம் 1963-இலும் தோன்றின. இதற்கிடையில் 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. பொதிகையிற் பிறந்த ஆறே தன் கரையூர்களின் வால்வுகளுக்குச் சூடேற்றும் ஆற்றலாகவும் ஆயிற்று. பெங்களூரில் 1954-இல் தொடங்கப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் பின்னர் வால்வுகளையும் செய்தளித்தது. 1947-இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திற் பிறந்த டிரான்ஸிஸ்டர், சில பத்தாண்டுகளில் வால்வைப் பரணுக்கு அனுப்பிவிட்டது. எனினும் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் ஆகிய நாடுகளில் இன்றும் வால்வு செய்யப்படுகிறது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் பழைய சரக்கும் கிடைக்கும்.

இனி வால்வின் தொழிலைக் காண்போம். சேரன்மகாதேவியிற் கன்னடியன் கால்வாய்க் கரையில் நின்றவர்க்கு இதனை விளக்குதல் எளிது. கால்வாயின் நீர் பெருவேகத்தோடு நிற்கிறது. மடைப்பலகையைச் சிறுவன் ஒருவன் ஒரு விரற்கடை உயர்த்தினால் வயலுக்குப் பாயும் நீர் பன்மடங்கு மிகுகிறது. சிறுவனின் வலிமை அன்று வயலை நனைப்பது; நீரின் வலிமையே. அங்ஙனமே, காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழினுள் சூடேற்றப்பட்ட கதோடிலிருந்து எலக்ட்ரான்கள் எழுந்து, நேர்மின்னழுத்தம் பெற்ற தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலே நுண்கம்பியாலான கிரிட் என்னும் வலை மடைப்பலகையாக நிற்கின்றது. இசைத்தட்டின் ஊசி தரும் மிகச் சிறிய மின்னசைவு அவ்வலையை அசைக்க, தகட்டிற் பாயும் பெருமின்னோட்டம் அதே வடிவில் அசைகின்றது. ஆம்ப்ளிபையர் என்பதற்கு 'மிகைப்பி' என்று பாடநூலிற் காண்கிறோம். நல்ல சொல்லே. ஆயினும் மைக் செட் வைத்திருப்பவரிடம் மிகைப்பி கேட்டுச் சென்றால் வெறுங்கையோடு திரும்ப நேரும். ஆதலின் ஈண்டு வழக்குச் சொல்லையே ஆள்கிறோம்.

யாம் மேற்கொண்ட அமைப்பு மிக எளியது. முதலில் ஈ.ஸி.ஸி. 83 என்னும் வால்வு. அது தரும் பெருக்கத்தை ஏற்று ஸ்பீக்கரை இயக்குவது ஈ.எல். 84; மாறு மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குவது ஈ.ஜெட். 80. மூன்றும் ஒன்பது காலுடையவை. ஈ.எல். 84-இன் தகட்டுக்கு 250 வோல்ட் அழுத்தமும் 48 மில்லி ஆம்பியர் ஓட்டமும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 12 வாட் ஆகும். அதனின்று ஸ்பீக்கருக்குச் செல்வது மிகுதியாகப் பார்த்தால் 5 வாட். எஞ்சியது வெப்பமாகிக் கோடையை இன்னும் கோடையாக்கும். அலுமினியத் தகட்டிலே துளையிட்டு, வால்வுக்கான குதைகளைப் பொருத்தி, ஈயம் வைத்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின.

ஐந்தாம் நாள் நிகழ்ந்ததை மறையாது கூறல் எம் கடன். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பிளக்கையும் கழற்றிவிட்டு, இனி அச்சமில்லை என எண்ணி எம்முள் ஒருவர் உள்ளே கை வைத்தார். மறுகணம் கை வீசி எறியப்பட்டு மேசை விளிம்பில் மோதிக் குருதி பெருகிற்று. மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாஸிட்டர்களில் ஏறக்குறைய 300 வோல்ட் அப்படியே நின்றிருந்தது. பிளக்கைக் கழற்றினால் அது வடிந்துவிடுவதில்லை. கையளவோடு போயிற்று, நெஞ்சின் வழியே பாய்ந்திருந்தால் இக்கட்டுரையை எழுத மனம் இருந்திராது. ஆச்சி கருவியைத் தூக்கிப் பரணிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். இரண்டு நாள் வேலை நின்றது.

மீண்டும் இசைவு பெற்றது ஒரு சிறு ரெஸிஸ்டரால். 47 மைக்ரோபாரட் கெப்பாஸிட்டர் இரண்டும் வடிவதற்காக 220 கிலோ ஓம், 2 வாட் ரெஸிஸ்டர் ஒன்றைக் குறுக்கே நிலையாக இணைத்தோம். கணக்குப்படி 21 விநாடிக்கொரு முறை அழுத்தம் மூன்றில் ஒரு பங்கினும் சற்று மிகுதியான அளவிற்குக் குறைந்துவிடும். அஃதாவது இரண்டு நிமிடத்தில் 300 வோல்ட் ஏறக்குறைய 1 வோல்ட் ஆகிவிடும். அதன் பின்னும் மீட்டர் வைத்து அளந்து பார்த்தே கை வைப்பது, கருவி இயங்கும்பொழுது சோதிக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது, தனியே இருக்கும்பொழுது தொடாதிருப்பது என்பவற்றை ஆச்சியின் முன்னிலையில் ஒப்புக்கொண்டோம். ரெஸிஸ்டரும் பழுதாகக் கூடும் என்பதால் மீட்டரைக் கைவிடலாகாது. இதனைப் படித்துத் தாமும் செய்ய எண்ணும் நண்பர்கள் வேறெதை மறப்பினும் இப்பகுதியை மறவாதிருப்பாராக.

அடுத்து வந்தது யாம் அறிந்தே செய்த பிழை. வால்வின் தகடு 5,200 ஓம் சுமையை வேண்டுவது. ஸ்பீக்கரோ 8 ஓம். இவ்விரண்டிற்கும் இடையே தரகராக நிற்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 5,200-ஐ 8-ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் 25.5, ஆகவே முதற் சுருளின் சுற்றுக்கள் இரண்டாவதைப்போல் 25.5 மடங்கு இருத்தல் வேண்டும். பொருள் வாங்கச் சென்ற கடையில், 230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும் சாதாரண மின் டிரான்ஸ்பார்மரை எடுத்து வைத்து, "இதுவும் அதே விகிதந்தான், இதுவே போதும்" என்றனர். 230-ஐ 9-ஆல் வகுத்தால் 25.6 வருகிறதன்றோ? கணக்கு இத்துணைப் பொருத்தமாக வாய்த்ததைக் கண்டு மகிழ்ந்து வாங்கி வந்தோம். பழைய தேக்குப் பெட்டியிலே புதிய எட்டங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தி, இசைத்தட்டை ஓடவிட்டோம். வால்வுகள் செவ்வொளி வீசின, நாகசுரம் ஒலித்தது, எமக்கோ களிப்பு. தாத்தா சிறிது நேரம் கேட்டுவிட்டு, "தொப்பி எங்கடே?" என்று வினவி எழுந்து சென்றார்.

விகிதம் சரியாயிருந்தும் பிழை எங்ஙனம் வந்தது? மின் டிரான்ஸ்பார்மரில் மாறு மின்னோட்டமே பாய்கிறது. இரும்பு இருபுறமும் மாறிமாறிக் காந்தமாகி ஓய்கிறது. ஒற்றை வால்வு ஆம்ப்ளிபையரிலோ 48 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓயாது ஒரே திசையிற் பாய்கிறது. இடைவெளியின்றி அடுக்கிய இரும்பு அதனாலேயே நிறைந்துபோய், மேலும் காந்தமாக இடமின்றி நிற்கும். தாழ்ந்த ஒலிகள் முதலிற் கெடும். நிறைந்த குடத்தில் மேலும் நீர் வார்ப்பது போன்ற செயல் அது. இதற்கு மருந்து இரும்பிற்கு இடையே தாளளவு வெற்றிடம் விடுவது. மின் டிரான்ஸ்பார்மரில் 'ஈ' வடிவத் தகடுகளும் 'ஐ' வடிவத் தகடுகளும் மாறிமாறிக் கோக்கப்படும்; இங்கோ ஈ-க்கள் எல்லாம் ஒருபுறம், ஐ-க்கள் எல்லாம் மறுபுறம், நடுவே கால் மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிப்புடைய தாள்.

பாளையங்கோட்டையில் மோட்டார்க் காயில் கட்டும் பட்டறையொன்றில் எம் தாளைக் காட்டிக் கேட்டோம். இத்தகைய வேலையை அவர் பார்த்தவரல்லர். ஆயினும் கைத்திறன் வேறெவர்க்கும் குறைந்ததன்று. 8 சதுர சென்டிமீட்டர் நடுக்கால் உடைய இரும்பின்மேல் முதற் சுருள் 2,600 சுற்று, இரண்டாவது 102 சுற்று. முதற் சுருளை இரண்டாகப் பகுத்து, நடுவே இரண்டாவதை வைத்துக் கட்டித் தந்தார். அங்ஙனம் இடையிட்டால் உயர்ந்த ஒலிகள் வீணாகாமற் செல்லும். வெளியில் அரக்குப் பூசிய கருநிறக் கட்டி ஒன்று. பார்வைக்கு யாதோர் அழகும் இல்லை. கருவியைக் காண வந்தோர் அனைவரும் வால்வுகளையே வியந்தனர். ஒருவரேனும் இதனை நோக்கியதில்லை. எம் கருத்தில் வால்வை மாற்றி வாங்கும் பணத்தை இதற்குச் செலவிடுவதே தக்கது. வால்வு நல்லதாயின் எவர் செய்ததாயினும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தொழிற்படும், டிரான்ஸ்பார்மர் அப்படியன்று. பின்னர் 1927-இல் ஹெரால்ட் பிளாக் கண்ட எதிர்ப்பின்னூட்ட முறையையும் சேர்த்து, வெளிவரும் ஒலியின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக் குற்றங்களைக் குறைத்தோம். முதலிற் கம்பியை மாற்றிக் கொடுத்ததால் கருவி ஊளையிட்டு ஆச்சியை மீண்டும் வரவழைத்தது. இரண்டாம் சுருளின் முனைகளை இடம் மாற்றியதும் அடங்கிற்று.

இப்பொழுது தொப்பி பாதி வந்தது. எஞ்சிய பாதிக்கு வழி கூறியவர் நண்பரின் மாமா. திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டுவது அவர் தொழில். வந்தவர் வால்வுகளைச் சற்றும் பொருட்படுத்தாது பின்புறம் திறந்திருந்த தேக்குப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வெளக்கு எரியிறதப் பாத்து மயங்காதிய தம்பி, பொட்டியப் பாருங்க" என்றார். 5 வாட் போதுமா என்று கேட்டதற்கு, அவர் தம் குழாய் ஒலிபெருக்கியின் பெருமையைச் சொன்னார். குழாயின் வாய் அகன்று விரிவதால் அது சிறிய ஆற்றலையும் பேரொலியாக்கும்; ஆனால் அக்குழாயின் நீளமும் வாயும் எவ்வளவோ அவ்வளவுக்கே தாழ்ந்த ஒலி செல்லும். கோவில் கொடையில் நாகசுரம் குழாயின் வழியே இரண்டு ஊர் கடந்து கேட்பதும், தவிலின் தொப்பி பந்தலைத் தாண்டாததும் இதனால் என்க.

வாட் பற்றிய மயக்கத்தையும் ஈண்டு நீக்குவோம். ஸ்பீக்கர்கள் பெற்ற மின்னாற்றலிற் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடுகின்றன. எம் ஸ்பீக்கர் 1 வாட்டிற்கு 1 மீட்டர் தொலைவில் 92 டெசிபல் தருவது. இதன் பொருள் நூற்றில் ஒரு பங்கே ஒலியாகிறது என்பது. 5 வாட் கொடுத்தால் 99 டெசிபல். வீட்டிற்கு இதுவே மிகை. 82 டெசிபல் தரும் சிறு ஸ்பீக்கரில் அதே ஒலியைப் பெற 50 வாட் வேண்டும். 10 டெசிபல் குறைந்தால் ஆற்றல் பத்து மடங்கு ஆகவேண்டும் என்பது விதி. ஆகவே ஆம்ப்ளிபையரின் வாட்டை மட்டும் கேட்டு விலை பேசுவது, நிலத்தைப் பாராது விதையின் விலையைக் கேட்பது போலாம்.

இனிப் பெட்டி. ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளும்பொழுது பின்னே இழுக்கிறது. பின்புறம் திறந்திருந்தால், தாழ்ந்த ஒலியில் முன்னெழுந்த அலையும் பின்னெழுந்த அலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முற்றும் அடைத்துவிட்டால் அழிவு நீங்கும். ஆனால் பின்புற ஒலி வீணாகும். அதனையும் பயன்படுத்தும் வழி, பெட்டியில் அளந்து ஒரு துளையிட்டுக் குழல் பொருத்துவது. இதற்கு அமெரிக்காவில் துராஸ் என்பவர் 1932-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் இதன் தத்துவத்தை நம் பெண்மக்கள் நெடுங்காலமாக அறிவர். குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரும்பி நின்று பேசிக்கொண்டிருப்பவர், குடம் நிறையும் தறுவாயில் பாராமலே கை நீட்டி எடுப்பதைக் கண்டிருக்கிறோம். நீர் ஏற ஏற உள்ளிருக்கும் காற்றின் அளவு குறைந்து, குடத்தின் சுருதி உயர்கிறது. செவி அதனை அளக்கிறது. நம் வில்லுப்பாட்டில் வில்லோடு கட்டிய குடத்தின் வாயைப் பாளையாற் செய்த தட்டு கொண்டு அடிக்க எழும் 'கும்' என்னும் ஒலியும் இதுவே. வாயிலுள்ள காற்று ஒரு பொருளாகவும், உள்ளிருக்கும் காற்று வில்லாகவும் நின்று அசைகின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இதனைக் கணக்கிட்டார். ஸ்பீக்கரின் இயல்பு கண்டு பெட்டியின் அளவைக் கணிக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் தீல் என்பவர் 1961-இலும், பின்னர் ஸ்மால் என்பவரும் வகுத்தனர்.

எம் கணக்கு வருமாறு: பெட்டியின் உள்ளளவு 40 லிட்டர், குழலின் விட்டம் 7 சென்டிமீட்டர், நீளம் 10 சென்டிமீட்டர். குழலின் இருமுனைகளிலும் சற்று வெளியே உள்ள காற்றும் சேர்ந்தே அசைவதால் நீளத்தை 15 எனக் கொள்ளவேண்டும். கிடைப்பது விநாடிக்கு ஏறக்குறைய 44 அதிர்வு. 40 லிட்டருக்குச் சதுரப் பெட்டி செய்தல் தவறு. மூன்று திசையிலும் நீளம் ஒன்றானால் உள்ளே எதிரொலிக்கும் அலைகள் மூன்றும் ஒரே சுருதியிற் கூடி இரையும். ஆதலின் உயரம் 56, அகலம் 34, ஆழம் 21 சென்டிமீட்டர் என வைத்தோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையில் இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என ஆடரங்கை அளந்து அமைப்பதை வகுப்பிற் படித்தபொழுது, இத்துணை அளவு எதற்கு என எண்ணியதுண்டு. இப்பொழுது அவ்வாறு எண்ணுவதில்லை. சென்டிமீட்டரில் எழுதிச் சென்ற தாளைத் தச்சர் வாங்கிப் பார்த்து, அங்குலமும் நூலுமாக மாற்றி எழுதித் தந்தால்தான் ரம்பம் எடுப்பேன் என்றார். மாற்றினோம், எட்டு நூல் ஓரங்குலம்.

18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து, மூலைகளில் சட்டம் வைத்து, பசையிட்டுத் திருகினோம். ஓரத்திற் காற்றுக் கசிந்தால் கணக்கெல்லாம் வீண். பக்கச் சுவர்கள் தாமே அதிராதபடி நடுவே ஒரு குறுக்குச் சட்டமும் கொடுத்தோம். உட்சுவர்களில் இலவம்பஞ்சைத் துணியில் வைத்துத் தைத்து ஒட்டினோம். குழலின் வாய்க்கு அருகில் மட்டும் பஞ்சு வைக்கவில்லை. இலவம்பஞ்சு எளிதிற் பற்றுவதாகையால் ஆம்ப்ளிபையரைப் பெட்டிக்குள் வையாது தனியே வைத்தோம். கைபேசியிற் சுருதி எழுப்பிச் சோதித்தபொழுது, 44-ஐ அண்மிய இடத்தில் ஸ்பீக்கரின் தாள் ஏறக்குறைய அசையாது நிற்க, குழலின் வாயிலிருந்து காற்று விரலில் வந்து மோதியது. கணக்கு மெய்யாவதைத் தோலால் உணர்ந்தோம்.

அன்று மாலை தாத்தாவை அழைத்தோம். தட்டு சுழன்றது. முதல் ஆலாபனையில் அவர் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. தவில் எழுந்ததும் நாற்காலியின் கையை இடக்கையால் தட்டத் தொடங்கினார்; கழியின் அடி விழும் இடங்களில் மட்டுமே அக்கை விழுந்தது. பாதியில் நிறுத்தி எதுவும் சொல்லவில்லை. தட்டு முடிந்தபின், "தொப்பி வந்துட்டு. இரையுது, அத நிப்பாட்டுங்க, மறுபக்கத்தப் போடுங்க" என்றார்.

அவ்விரைச்சல் எமக்கும் கேட்டது. மாறு மின்னோட்டத்தை நேராக்கும் இடத்திற் பிறந்ததாயின் விநாடிக்கு 100 அதிர்வாக இருத்தல் வேண்டும். அளந்தபொழுது 50 ஆக இருந்தது. ஆகவே குற்றம் வால்வுகளுக்குச் சூடேற்றும் கம்பிகளில் இருக்கலாம் என ஐயுற்று, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கி மூலையோரமாகச் செலுத்தினோம், பாதி குறைந்தது. எல்லா எர்த் கம்பிகளையும் ஒரே புள்ளியிற் கூட்டுதல் எஞ்சிய வேலை. கல்லூரி திறந்துவிட்டமையால் அது அடுத்த விடுமுறைக்கு நிற்கிறது. இரண்டாவது பெட்டிக்கான பலகையைத் தச்சர் அறுத்து வைத்திருக்கிறார்.